இருபத்தோரு பை வைத்த ஏப்ரன்

இனிமேல் சனிக்கிழமைகளில், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, நான் யாருக்கும் புருஷன் இல்லை என்று ஒரு முடிவெடுத்தேன்.

சத்தமாக எடுக்கவில்லை. மனசுக்குள்தான் எடுத்தேன். என் மனைவிக்குக் காது கொஞ்சம் கூர்மை.

என் பெயர் ரங்கநாதன். வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது திருச்சி, குடியிருப்பது ஆக்லாந்தில் நியூ லின். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சாஃப்ட்வேரில் என்னென்ன தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. என்னிடம் என்னென்ன தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பாக்யாவின் வேலை. எனக்காவது தேட வேண்டியிருக்கிறது.

பாக்யா என்கிற பாக்யலட்சுமி ஒரு ஆஸ்பத்திரியில் ரோஸ்டர் போடுகிறாள். நூற்று நாற்பது நர்ஸுகளில் யாருக்கு எந்த ஷிப்ட் என்பது அவள் கையில். தீபாவளிக்கு லீவு கேட்டு வந்த நர்ஸ், லீவு கிடைக்காமல், ஆனால் "ரொம்ப தேங்க்ஸ் பாக்யா" என்று சொல்லிவிட்டுப் போவாளாம். அப்படிப்பட்டவளுக்குப் புருஷனாக இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். எனக்கும் லீவு கிடைத்ததில்லை.

மூன்று மாதம் முன்பு எனக்கு மரவேலைப் பித்துப் பிடித்தது. பிடிக்க வைத்தவர் பக்கத்து வீட்டு மகேசன். யாழ்ப்பாணத்துக்காரர். மவுண்ட் வெல்லிங்டனில் சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் வேலியோரமாக வந்து, "அண்ணை, மரவேலை பழகிறியளோ? மனசுக்கு நல்லது" என்றார். பழகினேன். எங்கள் கராஜிலிருந்து கார் வெளியேறியது. நான் உள்ளே போனேன்.

மூன்று மாதத்தில் ஒரு ஸ்டூல் செய்திருக்கிறேன். நான்கு கால். ஒரு நேரத்தில் மூன்றுதான் தரையைத் தொடும். எந்த மூன்று என்பதை உட்காருகிறவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னும் நிறையச் செய்திருப்பேன். செய்யவிட்டால்தானே?

மரவேலையில் ஒரு தொல்லை உண்டு. கையில் இப்போது இருந்த பென்சில் இப்போது இருக்காது. டேப் இருக்காது. மூக்குக் கண்ணாடி இருக்காது. எடுக்க வீட்டுக்குள் போக வேண்டும். போனால் தொலைந்தேன்.

"வந்ததுதான் வந்தீங்க, அப்படியே டெய்ரிக்குப் போயி ஒரு பால் வாங்கிட்டு வந்துடுங்க."

வாங்கிக்கொண்டு வந்தால்:

"வந்ததுதான் வந்தீங்க, இந்த டப்பாவை ரதிகிட்ட குடுத்துட்டு வந்துடுங்க."

ரதி என்கிற ரதிதேவி, மகேசனின் மனைவி. கொடுத்துவிட்டு வந்தால்:

"வந்ததுதான் வந்தீங்க, ஒனிஹங்கால ஒருத்தங்க கறிவேப்பிலைக் கன்னு சும்மாவே தர்றாங்களாம். ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க."

ஒரு எட்டா? மோட்டார்வேயில் இருபது நிமிஷம். ஒரு பென்சிலுக்காகக் காலை பத்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவன், கறிவேப்பிலைக் கன்றோடு மத்தியானம் இரண்டேகாலுக்குத் திரும்பினேன். பென்சிலை எடுக்க மறந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. வீட்டுக்குள் போனால்தானே வேலை வருகிறது? போகாவிட்டால்? எதையும் எடுக்கப் போக வேண்டிய அவசியமே இல்லாவிட்டால்? தேவையான எல்லாவற்றையும் உடம்பிலேயே மாட்டிக்கொண்டுவிட்டால்?

ஏப்ரன்! பை வைத்த ஏப்ரன். நிறையப் பை. வீட்டுக்கு ஒரே பை-பை.

ஒரே ஒரு சிக்கல். எனக்குத் தைக்கத் தெரியாது. வீட்டில் தையல் மெஷினை ஓட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். யாரிடமிருந்து தப்பிக்கப் போகிறேனோ, அவளிடமே சுரங்கம் தோண்டச் சொல்ல வேண்டும். காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும்.

சாம்பார் சாதத்துக்கு நடுவில் ஆரம்பித்தேன்.

"பாக்யா, என் வேலை தூள்னு மகேசன் சொல்றார்."

"தெரியும். நேத்து ரசத்துல மிதந்துச்சு."

"அதைத்தான் சொல்ல வந்தேன்! என் சட்டையில ஒட்டிக்கிட்டு மரத்தூள் உள்ள வருது. உனக்கு எவ்வளவு கஷ்டம்! அதான் உனக்காக ஒரு ஏப்ரன் போட்டுக்கலாம்னு."

"எனக்காகவா?"

"உனக்காகவேதான்."

"சமையல்கட்டுல ஒண்ணு தொங்குதே."

"அதுல ஸ்ட்ராபெர்ரி படம் போட்டிருக்கு."

"ஸ்ட்ராபெர்ரி மரத்துல காய்க்காதுன்னு பாக்கறீங்களா?"

"கேலி பண்ணாதே. மரவேலைக்குன்னு தனியா ஒண்ணு வேணும். நான் டிசைன் பண்றேன். நீ தைச்சுக் குடு."

தீபாவளி லீவு கேட்டு வந்த நர்ஸைப் பார்ப்பதுபோல் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "பண்ணுங்க" என்றாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் உருளைக்கிழங்கு வறுவல் நன்றாக அமைந்துவிட்டது.

இரண்டு வாரம் டிசைன் செய்தேன். ஆபீஸ் மீட்டிங்குகளில் கேமராவை அணைத்துவிட்டு வரைந்தேன். ஏழாவது படம் திருப்தியாக வந்தது. மொத்தம் இருபத்தோரு பை. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, படத்தை அவள் முன்னால் விரித்தேன். பாக்யா பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விசாரணை தொடங்கியது.

"இந்த ஒல்லிப் பை?"

"பென்சில்."

"பக்கத்துல இருக்கிறது?"

"டேப்."

"இது என்ன, இவ்வளவு ஒசரமா, உருளையா?"

அது பிளாஸ்குக்கு. காபிக்காக வீட்டுக்குள் வரக்கூடாது அல்லவா? "அது... கொட்டாப்புளி" என்றேன். "மரச் சுத்தியல்."

"ஓஹோ. இந்த மூடி வச்ச பை?"

அது முறுக்குக்கு. "ஆணி."

"ஆணிக்கு எதுக்குங்க மூடி? காத்துப் பட்டா நமுத்துடுமா?"

"துரு! துருப்பிடிச்சிடும்."

"சரி. நெஞ்சுல சதுரமா ஒண்ணு இருக்கே?"

கிரிக்கெட் பார்க்கப் போனுக்கு. "மட்டம் பாக்கற கருவி."

"நியூசிலாந்து ஆட்டம் மட்டமா இல்லையான்னு பாக்கவா?"

அடுத்த பைக்கு விரலை நகர்த்தினேன். அவளும் வற்புறுத்தவில்லை. இருபத்தொன்றையும் கேட்டு முடித்துவிட்டு, பேனாவை மூடி வைத்தாள்.

"இத்தனை பை வச்சா இதுக்குப் பேர் ஏப்ரன் இல்லைங்க."

"பின்ன?"

"பைத்தியம்."

ஆனாலும் தைக்கச் சம்மதித்தாள். எடுத்த எடுப்பில் நல்ல துணியில் கை வைக்க மாட்டாளாம். முதலில் ஒரு பழைய படுக்கை விரிப்பை வெட்டி, நூலோட்டம் போட்டு, கழுத்தில் மாட்டிவிட்டாள். "எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. சரி வந்தா கித்தான் துணில தைக்கறேன்."

போட்டேன். உளி நான்கு, சுத்தியல், மூலைமட்டம், டேப், பென்சில், ஆணிகள், திருப்புளி, பசை டப்பா என்று இருபத்தோரு பையும் நிரம்பின. பாசஞ்சர் ரயில்போல் கராஜுக்கு நகர்ந்தேன். அங்கே மகேசன் காத்திருந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அண்ணை, கடையைக் காலி பண்ணிப்போட்டியளோ?"

"டிசைன் எப்படி?"

"ஒருக்கா குனியுங்கோ பாப்பம்."

குனிந்தேன். நெஞ்சுப் பையிலிருந்த எல்லாம் கொட்டியது. உளி என் கால் கட்டைவிரலுக்கு ஒரு அங்குலம் தள்ளித் தரையில் குத்தி நின்றது.

"முழங்காலிலை நில்லுங்கோ."

நின்றேன். ஏப்ரனின் அடி விளிம்பு முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. எழுந்தேன். ஏப்ரன் எழவில்லை. கழுத்து மட்டும் கீழேயே நின்றது. ஆமை மாதிரி இருந்தேன்.

"இப்ப மேசையோடை ஒட்டி நிண்டு மரத்தை இழையுங்கோ."

ஒட்டவே முடியவில்லை. வயிற்றுக்கு நேராக டேப். மேசைக்கும் எனக்கும் நடுவில் ஏற்கெனவே என் தொப்பை இருக்கிறது. அதற்கு மேல் டேப்புக்கு இடமில்லை. எட்டி எட்டி நாலு தள்ளு தள்ளினேன். சுருண்டு வந்த மரச்சுருள் அவ்வளவும் வாய் திறந்திருந்த பைகளில் போய் நிறைந்தது. பென்சிலைத் தேடிக் கையை விட்டால் குருவிக் கூட்டில் கைவிட்டதுபோல் இருந்தது.

மகேசன் என் டிசைன் படத்தை வாங்கி ஒரு ஓரமாக வைத்தார். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

"கேளுங்கோ அண்ணை. பாரத்தைக் கழுத்திலை போடாதேங்கோ, ரெண்டு நாளிலை கழுத்துப் பிடிச்சிடும். முதுகிலை குறுக்கா வாற மாதிரி அகலப் பட்டி போடச் சொல்லுங்கோ, பாரத்தைத் தோள் தாங்கும். வயித்துக்கு நேரை ஒண்டும் வேண்டாம். கனமான சாமானெல்லாம் ரெண்டு இடுப்புப் பக்கமும் போகட்டும். நெஞ்சிலை பென்சிலுக்கு மட்டும் இறுக்கமா ஒரு பை. மற்றப் பையெல்லாத்துக்கும் மேலை மூடி. அடியிலை சின்ன ஓட்டை விட்டா தூள் தன்பாட்டிலை கொட்டிப்போம். நடுவிலை கீழை இருந்து ஒரு வெட்டு விட்டால் முழங்காலிலை நிக்கலாம்."

"கயிறு?"

"தொங்கிற கயிறு ஒண்டும் இருக்கக் கூடாது! மெசினிலை மாட்டிச்செண்டா ஏப்ரனோடை நீங்களும் போயிடுவியள். கூரான உளி மேசையிலையே கிடக்கட்டும். அது பையிலை வைக்கிற சாமான் இல்லை."

"பை எத்தனை குறைக்கணும்?"

"எனக்கு அஞ்சு பை. உங்களுக்கு ஏன் இருபத்தொண்டு?"

அதற்கு மட்டும் நான் மழுப்பினேன். எண்ணிக்கையை விட்டுக்கொடுக்க முடியாது. என் சுதந்திரம் இருபத்தோரு பகுதிகளாக அதில் இருக்கிறது.

ஒனிஹங்காவில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் ஒரு டென்ட் துணி கிடைத்தது. பச்சைக் கித்தான். மழை, காற்று, கேம்பிங் போன குடும்பத்தின் சண்டை எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய துணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பாக்யா மெஷினில் உட்கார்ந்தாள். மகேசன் சொன்னது அத்தனையும் செய்தாள். அவர் சொல்லாததையும் செய்தாள். பை மூலைகளில் கிழியாமல் இருக்க இரட்டைத் தையல். முழங்கால் பக்கம் உள்ளே ஸ்பாஞ்சு. உருளைப் பையின் உள்பக்கம் மினுமினுவென்று வெள்ளிக் காகிதம் போல ஒரு துணி.

"கொட்டாப்புளிக்கு எதுக்கு இந்தத் துணி?"

"சூடு ஆறாம இருக்கும்ல" என்றாள்.

மரச் சுத்தியலுக்குச் சூடு ஏது என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அப்போது கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் குறுக்குப் பட்டி. இடுப்பில் கனம். நெஞ்சில் ஒற்றைப் பென்சில். தச்சுத் தொழிலுக்கே நான்தான் தலைவன்போல் இருந்தது.

"எதுவும் விட்டுப்போகலையே?" என்று கேட்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் அது மறந்துட்டேன், இது மறந்துட்டேன்னு உள்ள வரக்கூடாது."

என்ன அக்கறை! எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. அதை மறைக்கப் பெரிதாகப் பேசினேன்.

"வரவே மாட்டேன் பாக்யா. ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு துளி மரத்தூள்கூட இந்த வாசப்படியைத் தாண்டாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், பிரிவு தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. ஒன்பது மணிக்கு ஏப்ரனை மாட்டிக்கொண்டேன். விடியற்காலையிலேயே எல்லாப் பையையும் அவளே நிரப்பி வைத்திருந்தாள். கராஜ் கதவை இழுத்துச் சாத்தினேன். அன்றைக்கு நான் செய்யப்போவது ஒரு புத்தக அலமாரி.

ஒன்பதிலிருந்து பத்தரை வரை சொர்க்கம். பென்சில் நெஞ்சில் இருந்தது. டேப் இடுப்பில் இருந்தது. முழங்காலில் நின்றேன், எழுந்தேன், கழுத்தும் கூடவே வந்தது. மரத்தூள் பையில் விழுந்தது, அடி ஓட்டை வழியாகத் தானே கொட்டியது. இழைத்து இழைத்துக் கொஞ்சம் இளைத்ததுபோலக்கூட இருந்தது. டிசைன் செய்தவன் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

பத்தரைக்கு ஒன்று உறைத்தது. "ஏங்க" என்று யாரும் கூப்பிடவில்லை.

நல்லதுதானே என்று மேலும் இரண்டு பலகை அறுத்தேன். பதினொன்று ஆயிற்று. கூப்பிடவில்லை. வேண்டுமென்றே சுத்தியலைத் தரையில் போட்டேன். வழக்கமாக, "என்ன உடைஞ்சுது?" என்று குரல் வரும். வரவில்லை. இருமினேன். முதலில் இயல்பாக, பிறகு ஒரு நோயாளியைப்போல. எதிர்வீட்டு நாய் குரைத்தது. அதுவாவது கேட்டதே!

சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் மனசு நிலையில்லாமல் தவித்தது. இருபத்தாறு வருஷமாக மணிக்கு நான்கு தடவை கூப்பிடப்பட்டவன் நான். கூப்பிட ஆளில்லாத புருஷன், சிக்னல் இல்லாத போன் மாதிரி. உயிர் இருக்கும், உபயோகம் இருக்காது.

சரி, எதையாவது எடுக்கப் போவதுபோல் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். எதை எடுப்பது?

பென்சிலை வேண்டுமென்றே உடைத்தேன். ஏழாம் பையில் இன்னும் இரண்டு பென்சில், சீவித் தயாராக இருந்தன. கூடவே ஷார்ப்பனர்.

தாகம்? கொட்டாப்புளிப் பையைத் திறந்தேன். பிளாஸ்க். ஒரு நூலிழைகூட ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சூடான காபி.

பசி? ஆணிப் பையில் முறுக்கு. அடுத்த பையில் சின்ன டப்பாவில் தயிர் சாதம். அதன் மூடிக்குள் ஒரு மாவடு.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஒளித்து வைத்தேன். பதினைந்தாம் பையில் மாற்றுக் கண்ணாடி.

அப்போது நிஜமாகவே உளி விரலில் லேசாகக் கீறியது. ரத்தம்! இவ்வளவு மகிழ்ச்சியாக நான் அடிபட்டதே இல்லை. "பாக்யா!" என்று கத்திக்கொண்டே கதவு வரைக்கும் ஓடினேன். ஓடும்போதே பதினேழாம் பையில் ஏதோ சரசரத்தது. பிளாஸ்டர். அதன் மேல் அவள் கையெழுத்து: 'சின்னக் காயத்துக்கு இது போதும்.'

போதவில்லை. எனக்கு ஆள் வேண்டும்.

நல்லவேளையாக இயற்கை என் பக்கம் நின்றது. இரண்டு கப் காபி! எந்தப் பையிலும் போட முடியாத ஒரு காரணம் எனக்குக் கிடைத்தது. தலை நிமிர்ந்து பின்கதவுக்கு நடந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். சமையலறை ஜன்னல் நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"என்ன விட்டுப்போச்சு?" என்றாள் பாக்யா.

"அது பைல வைக்கிற விஷயம் இல்ல."

"ஓ, அதுவா? மகேசன் கராஜுக்குள்ளயே ஒரு டாய்லெட் இருக்கு. ரதிகிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

"ஆனா சாவி..."

"பத்தொன்பதாம் பை."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

மகேசன் கராஜில் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் ஒரு அலமாரிக் கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தார். இடுப்பில் ஐந்து பை ஏப்ரன். முகத்தில் நிம்மதி. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"மகேசன், ஒரு விஷயம். என் மனைவி என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டேங்கறா."

"ஓம் அண்ணை, தெரியும்."

"தெரியுமா?"

மகேசன் நாக்கைக் கடித்துக்கொண்டார். திருப்புளியைக் கீழே வைத்தார். "சொல்லக் கூடாதெண்டுதான் பாக்யா அக்கா சொன்னவ. ஆனா உங்கடை முகத்தைப் பாக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. உங்களுக்கு மரவேலை பழக்கிவிடச் சொன்னதே அக்காதான்."

"எப்போ?"

"மூண்டு மாசத்துக்கு முன்னம். முதல் உங்களை மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போகத்தான் கேட்டவ. எனக்குத் தண்ணியெண்டால் பயம். அதாலை மரவேலை."

"ஏப்ரன்?"

"அது உங்கடை யோசனைதான். நீங்கள் அதைக் கேட்ட அண்டைக்கு அக்கா இஞ்சை வந்து ரதியோடை இருந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே! அரை மணித்தியாலம்."

நேராக வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். தூறல் ஆரம்பித்திருந்தது. வரவேற்பறை ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். என்னவோ ரகசியக் கூட்டம் நடக்கிறது, கேக் வெட்டுகிறார்கள், பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள் என்றெல்லாம் நினைத்தேன்.

பாக்யா சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பக்கத்துச் சோபாவில் ரதிதேவி அதே மாதிரி. டிவி இல்லை. பாட்டு இல்லை. கையில் போன்கூட இல்லை. நடுவில் ஒரு தட்டில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள். பாக்யா ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து ரதிதேவி ஒரு சுளை எடுத்தாள். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

சும்மா இருக்கிறார்கள்!

இருபத்தாறு வருஷத்தில் பாக்யா சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு அழகாகச் சும்மா இருக்க அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு பேரும் திரும்பினார்கள். எழவில்லை.

"பாக்யா! டெய்ரிக்குப் போகணுமா?"

"பால் இருக்கு."

"ரதிக்கு ஏதாவது டப்பா குடுத்துட்டு வரணுமா?"

"ரதி இங்கதான் இருக்கா."

"ஒனிஹங்காவுக்கு? கறிவேப்பிலை?"

"கன்னு நல்லா துளிர்த்திருக்கு."

"உங்க அம்மாவுக்குப் போன் பண்ணி நான் பேசவா?" வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"வேணாங்க. அவங்க நிம்மதியா இருக்காங்க."

மழை பலமாகப் பிடித்தது. டென்ட் துணியில் படபடவென்று விழுந்தது. ஏப்ரன் நனையவில்லை. நான் நனைந்தேன். ரதிதேவிதான் முதலில் மனமிரங்கினாள்.

"பாவம் அக்கா, அண்ணை நனையிறார். உள்ளுக்கை விடுங்கோ."

பின்கதவு திறந்தது. பாக்யா வாசலிலேயே ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னாள். துண்டு கொடுத்தாள். நான் மேசையருகே உட்கார்ந்து, கோபமாக இருப்பதுபோல் தலையைத் துவட்டினேன்.

"எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு பாக்யா. மகேசன் சொல்லிட்டார். மீன்பிடிக்கிற வரைக்கும் சொல்லிட்டார்."

அவள் மறைக்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"நான் வாரத்துல அஞ்சு நாள் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நூத்தி நாப்பது பேரும் பாக்யா, பாக்யா, பாக்யான்னு கூப்பிடறாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க. வீட்ல இருந்தே வேலை பாக்கறதால நாள் பூரா பேச ஆளில்லாம எனக்காகவே சேத்து வச்சிருக்கீங்க. பாக்யா, என் கண்ணாடி எங்க? பாக்யா, கடுகு கருகுது. பாக்யா, இந்த வாட்ஸ்அப் வீடியோ பாத்தியா? சனிக்கிழமை ஒருநாள், எட்டு மணி நேரம், யாரும் என்னை எதுக்கும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதாங்க கேக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. நானும் அதையேதானே கேட்டேன்? ஆனாலும் விடவில்லை.

"அப்ப நான் உள்ள வந்தப்பல்லாம் அந்த வேலை, இந்த வேலைன்னு நீதானே விரட்டினே?"

"உள்ள வந்தவரை வெளிய அனுப்ப எனக்கு வேற என்னங்க வழி இருந்துச்சு?"

ரதிதேவி ஆரஞ்சுச் சுளை தொண்டையில் மாட்டி இருமினாள்.

யோசித்துப் பார்த்தேன். பால், டப்பா, கறிவேப்பிலை. எல்லாமே வெளியே போகிற வேலைதான். பாத்திரம் தேய்க்க, துணி மடிக்க என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் அவளிடமிருந்து தப்பிக்கிறேன் என்று வாரக்கணக்காக மூளையைக் கசக்கியிருக்கிறேன். அவள் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் என்னையே டிசைன் போட வைத்து!

கோபம் வரவில்லை. அவள் கொடுத்த டீ சூடாக இருந்தது. ஒரு ஆரஞ்சுச் சுளையும் தள்ளினாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறந்து, "அந்த மூலையில சுண்ணாம்பு உரிஞ்சிருக்கு பாத்தியா பாக்யா?" என்றேன். ஒரு பார்வை வந்தது. மூடிக்கொண்டேன்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு, பெருந்தன்மையாக எழுந்தேன்.

"சரி பாக்யா. நியாயம்தான். சனிக்கிழமை உன்னோடது. நான் கராஜ்லயே இருந்துக்கறேன். உள்ள வரமாட்டேன், ஜன்னல் வழியாப் பாக்க மாட்டேன், இரும மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் நான் வீட்ல இருந்துக்கலாம் இல்ல?"

"என்னங்க இது, இப்படிக் கேக்கறீங்க?" அவள் குரல் குழைந்தது. "உங்க வீடுங்க."

என் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் சொல்லிக் கேட்டதில்லை. ரதிதேவிகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாக்யா எழுந்து உள்ளே போனாள். இஸ்திரி போட்டு, நாலாக மடித்த ஒரு பச்சைத் துணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அந்த ஏப்ரனைத் துவைச்சுப் போட்டா இந்த மழைல ஒரே நாள்ல காயாதுங்க. அதான் ஞாயித்துக்கிழமைக்குன்னு இன்னொண்ணு தைச்சு வச்சிருக்கேன்."